வால்பாறைக்குச் செல்வோருக்கு

பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையையே நம்பியிருக்கும் வளவனூர்க்காரருக்கு, ஜூன் மாதத்திலேயே நனையத் தொடங்கும் வால்பாறை வேறொரு தேசம்போல் தோன்றும். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், ஆனைமலையின் நடுவே அச்சிற்றூர்.

முதலில் கண்ணில் படுவது தேயிலை. அந்தப் பசுமையைக் காடென்று எண்ணிவிடாதீர்கள். மழைக்காட்டை அழித்தே அது நடப்பட்டது. எஞ்சிய காடு தோட்டங்களுக்கிடையே தீவுகளாய்த் துண்டுபட்டு நிற்கிறது.

அங்கே இருவாச்சிப் பறவை வாழ்கிறது. முட்டையிடும் காலத்தில் பெண்பறவை முதுமரத்தின் பொந்தினுள் புகுந்து, தன் எச்சத்தாலேயே வாயிலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையுமளவு பிளவு மட்டுமே மிஞ்சும். அதன் வழியாக வாரக்கணக்கில் அத்திப்பழங்களை ஊட்டுவது ஆண்பறவை. அது வேட்டைக்கு இரையாகித் திரும்பாவிட்டால், உள்ளே தாய்க்கும் குஞ்சுக்கும் பட்டினிதான். விசுவாசத்தைக் குறித்து நான் எத்தனையோ பிரசங்கங்கள் செய்திருக்கிறேன். அச்சிறு பிளவை நினைக்கும்போது அவை மிக நீண்டவையாகத் தோன்றுகின்றன.

புதுத்தோட்டம் அருகே சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் அவை காட்டில் வாழ்வதில்லை. அவை தரையிறங்காமல் கடக்கவே மரத்துக்கு மரம் தொங்குபாலங்கள் கட்டியிருக்கிறார்கள். நாமோ இரக்கமென்று எண்ணி வேனிலிருந்து வாழைப்பழம் எறிகிறோம். அவை மரத்தைவிட்டுச் சக்கரங்களுக்கு நடுவே வரப் பழகிவிடுகின்றன. கோடை விடுமுறையில் வாலிபர்களை அழைத்துச் செல்வோர் தின்பண்டங்களைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். புதுத்தோட்டத்தைத் தாண்டும்வரை சன்னல்களும் மூடியிருக்கட்டும்.