கைதட்டலுக்கும் நிறம் உண்டோ?

அடிமைத்தளை அறுபட வேண்டும் என்று ஆர்த்தெழுந்த நகரம் பாஸ்டன்! 1831ஆம் ஆண்டில் வில்லியம் லாயிட் கேரிசன் ‘லிபரேட்டர்’ எனும் விடுதலை ஏட்டைத் தொடங்கி, மனிதனை மனிதன் விற்கும் கொடுமையைச் சாடியது அந்நகரில்தான். அதனைத் தலைநகராகக் கொண்ட மாசசூசெட்ஸ் மாநிலம், 1855லேயே பொதுப்பள்ளிகளில் நிறத்தால் பிள்ளைகளைப் பிரித்தல் ஆகாது எனச் சட்டம் செய்தது. கலைக்கழகங்கள் சூழ்ந்த நகரம். கற்றோர் நிறைந்த நகரம். அத்தகைய நகருக்கு அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே உள்ள பெயர் என்ன? 2017இல் ‘பாஸ்டன் குளோப்’ நாளேடு எடுத்த கணிப்பில், 8 பெருநகரங்களுள் நிறத்தவரை வரவேற்கும் பண்பில் கடைசியில் நிற்பது பாஸ்டனே என்று அம்மக்கள் கூறினர். ஏட்டிலே விடுதலை, வீதியிலே வெறுப்பு! இந்த முரண்பாட்டைத் தெளிவாகக் காட்டும் கண்ணாடி ஒன்று உண்டு. அதுதான் கூடைப்பந்து ஆடுகளம்.

நாம் கலைக்கல்லூரியிலே வரலாறு பயின்று, சிற்றூர்ப் பள்ளியொன்றில் ஆசிரியப் பணி ஆற்றுகிறோம். மாலை வேளைகளில் மாணவர்களின் கூடைப்பந்து ஆட்டத்திற்கு நடுவராக நிற்பதும் உண்டு. கைப்பேசித் திரையில் அமெரிக்க ஆட்டங்களைக் கண்டு களிக்கும் பிள்ளைகள் அவர்கள். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அண்மையில் கேட்டான்: “ஐயா, கறுப்பர் ஒருவரை முதன்முதலில் தேர்ந்தெடுத்ததே பாஸ்டன் செல்டிக்ஸ் அணிதான் என்று படித்தேன். அப்படியிருக்க, அந்த ஊருக்கு ஏன் ஐயா இந்தக் கெட்ட பெயர்?” நல்ல கேள்வி. ‘ஏன்’ என்று கேட்கும் பிள்ளைக்கு, ‘அது அப்படித்தான்’ என்று விடை கூறுவது ஆசிரியர்க்கு அழகல்ல. ஆகவே, நாம் தேடியதையும் தெளிந்ததையும் இளைஞர் முன் வைக்கிறோம்.

மாணவன் சொன்னது உண்மை. 1950இல் சக் கூப்பரைத் தேர்ந்தெடுத்து, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கத்தின் ஆள்தேர்வில் நிறத்தடையை முதலில் உடைத்தது செல்டிக்ஸ். 1964 டிசம்பர் 26 அன்று, 5 கறுப்பர்களைத் தொடக்க ஆட்டக்காரர்களாகக் களமிறக்கிய முதல் அணியும் அதுவே. 1966இல் பில் ரஸ்ஸலைப் பயிற்சியாளராக அமர்த்தி, அச்சங்கத்தில் அப்பொறுப்பை ஏற்ற முதல் கறுப்பராக அவரை ஆக்கியதும் அதுவே. இதற்கு நேர்மாறாக நின்றது செயின்ட் லூயிஸ் அணி. 1956இல் ரஸ்ஸலைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அதன் கையிலேதான் இருந்தது. இரு வெள்ளை ஆட்டக்காரர்களைப் பெற்றுக்கொண்டு, அந்த வாய்ப்பைப் பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டது! வெள்ளையர் மட்டுமே கொண்டு கோப்பை வென்ற கடைசி அணி 1958ஆம் ஆண்டின் செயின்ட் லூயிஸ் அணிதான்.

அணி அப்படி, ஊர் எப்படி? ரஸ்ஸல் ஆடிய 13 ஆண்டுகளில் 11 கோப்பைகள்! உலக விளையாட்டு வரலாற்றிலே இதற்கு இணை காண்பது அரிது. ஆயினும், ஏறத்தாழ 14,000 இருக்கைகள் கொண்ட பாஸ்டன் கார்டன் அரங்கில், பல இரவுகளில் ஆயிரக்கணக்கான இருக்கைகள் ஆளின்றிக் கிடந்தன. அதே அரங்கில், பெரும்பாலும் வெள்ளையரே ஆடிய புரூயின்ஸ் பனிவளைக்கோல் அணிக்கோ கூட்டம் அலைமோதியது. அந்த அணி கோப்பை வென்றதா? இல்லை. 1960 முதல் 1967 வரை தொடர்ந்து 8 பருவங்கள் இறுதிச் சுற்றுகளுக்கே தகுதி பெறாத அணி அது! வென்றவன் வெற்றிருக்கைகளைக் கண்டான். தோற்றவன் நிறைந்த அரங்கைக் கண்டான்.

பாஸ்டனை அடுத்த ரெடிங் எனும் ஊரிலே ரஸ்ஸலுக்கு நேர்ந்ததை அவருடைய மகள் கேரன் ரஸ்ஸல் 1987இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ ஏட்டில் எழுதினார். வீட்டிற்குள் புகுந்த கயவர்கள் சுவர்களில் இனஇழிவுச் சொல்லைக் கிறுக்கினர். பரிசுப் பொருள்களை உடைத்தனர். படுக்கையிலே மலம் கழித்துச் சென்றனர். நகருக்குக் கோப்பை மேல் கோப்பை கொணர்ந்த கைகளுக்கு அந்த வட்டாரம் தந்த பரிசு அது! 1972இல் அவருடைய எண் பொறித்த கொடியை அரங்கின் உச்சியில் ஏற்றியபோது, பார்வையாளர்க்குக் கதவு திறக்குமுன் தோழர்கள் மட்டும் சூழ்ந்திருக்க அந்நிகழ்ச்சி நடைபெற வேண்டும் என்றார் ரஸ்ஸல். அணிக்காக ஆடினேன், ஊருக்காக அல்ல என்பது அவர் கொண்ட தெளிவு. அதைச் செருக்கென்று செய்தியாளர் சிலர் தூற்றினர். அவமதித்தவனைத் தேடிச் சென்று கும்பிடாமல் இருப்பது செருக்கா, தன்மானமா? தோழர்களே, விடையை உங்களிடமே விடுகிறோம்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். பனிவளைக்கோல் அந்தக் குளிர்நாட்டின் பழைய பழக்கம், கூடைப்பந்து புதிது. கூட்டம் குறைந்ததற்குக் காரணம் பழக்கமேயன்றி நிறமன்று என்பர். பகுத்தறிவாளர் எந்த மறுப்பையும் எடைபோடாமல் ஒதுக்கமாட்டார். பழக்கத்திற்கு ஓரளவு பங்கு உண்டு, ஒப்புக்கொள்வோம். ஆனால், கூடைப்பந்து பிறந்ததே அதே மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், 1891இல் அல்லவா? சரி, சோதனை ஒன்று வைப்போம். அதே அணி, அதே அரங்கு, அதே பச்சை உடை, நட்சத்திரத்தின் நிறம் மட்டும் மாறினால்?

அந்தச் சோதனையைக் காலமே நடத்திக் காட்டிற்று! 1979இல் இண்டியானாவின் சிற்றூரிலிருந்து வந்தார் லாரி பேர்டு எனும் வெள்ளை இளைஞர். 1980 டிசம்பர் தொடங்கி 1995 வரை, இருக்கைச் சீட்டு அனைத்தும் விற்றுத் தீராத ஆட்டமே இல்லை! பேர்டின் திறமை போலியன்று. 3 கோப்பைகளை வென்று தந்த மாமேதை அவர். தொலைக்காட்சியும் ஆட்டத்தை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. இவற்றையெல்லாம் கழித்த பின்னும் ஒரு மிச்சம் நிற்கிறது. 11 கோப்பைக்கு நிறையாத அரங்கு 3 கோப்பைக்கு நிறைந்ததே, எப்படி? கறுப்பரே பெரும்பான்மையாக ஆடிய சங்கத்தில், 1986இல் கோப்பை வென்ற பாஸ்டன் அணியின் 12 பேரில் 8 பேர் வெள்ளையர். வெள்ளை அமெரிக்காவின் செல்லப்பிள்ளை என்ற பெயர் அவ்வணிக்கு ஒட்டிக்கொண்டது. அந்த அணியின் பயிற்சியாளர் கே. சி. ஜோன்ஸ் ஒரு கறுப்பர் என்பதை எத்தனை பேர் நினைத்தனர்?

மறுபுறம், பாஸ்டனிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பின இளைஞர் பலர், மேஜிக் ஜான்சன் ஆடிய லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்குக் கைதட்டினர். ஊர்த்துரோகமா அது? எண்ணிப் பாருங்கள். 1974இல், பள்ளிகளில் நிறப்பிரிவினை ஒழிய வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கறுப்பின மாணவரை ஏற்றிச் சென்ற பேருந்துகளின்மீது தென்பாஸ்டனில் கல்லெறிந்தனர். கல் பட்ட பிள்ளை வளர்ந்து பெரியவனாகி, எறிந்தவனோடு தோள் சேர்த்து ‘நம் அணி வாழ்க’ என்று முழங்க வேண்டுமா? 1990இல், அணிக்குப் புதிதாகத் தேர்வான டீ பிரவுன் எனும் கறுப்பின ஆட்டக்காரரை, வங்கிக் கொள்ளையன் என்றெண்ணி வெல்ஸ்லி ஊர்க் காவலர் துப்பாக்கி முனையில் நிறுத்தினர். மண்ணின்மேல் பற்று மண்ணிலிருந்து முளைப்பதில்லை, மதிப்பிலிருந்து முளைக்கிறது.

இத்துணை கூறியும், பாஸ்டன் ஒன்றே பாவ நகரம் என்று முடிவு கட்டுவது அறிவுடைமை ஆகாது. ஓர் ஊரைச் சுட்டி விரல் நீட்டினால் மற்ற ஊர்கள் எளிதில் கைகழுவித் தப்பிவிடும். 2019இல் சால்ட் லேக் சிட்டியில், ரசல் வெஸ்ட்புரூக் எனும் ஆட்டக்காரரை இழிவாகப் பேசிய பார்வையாளர் ஒருவர் அந்த அரங்கிற்குள் இனி எந்நாளும் நுழையலாகாது எனத் தடுக்கப்பட்டார். நோய் நாட்டுக்கு, பெயர் ஒரு நகருக்கு!

பாஸ்டன் மாறவில்லையா? 2013இல் ரஸ்ஸலுக்கு நகரமன்றத் திடலில் சிலை எழுந்தது. 2022இல் அவர் மறைந்தபின், அவர் அணிந்த 6ஆம் எண்ணை இனிப் புதிதாக எவர்க்கும் வழங்குவதில்லை எனச் சங்கம் முழுவதுமே முடிவு செய்தது. 2024இல் கறுப்பின இளைஞர்களான ஜேலன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் கோப்பையை ஏந்தியபோது நகரமே திரண்டு ஆர்ப்பரித்தது. மகிழத்தக்க மாற்றம்தான். ஆயினும், பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கி 2015இல் வெளியிட்ட ஆய்வையும் படியுங்கள். அப்பெருநகர்ப் பகுதியில் வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து 2,47,500 டாலர். அமெரிக்காவில் பிறந்த கறுப்பர் குடும்பத்தின் சொத்தோ 8 டாலர்! சிலைக்கு இடம் கிடைத்துவிட்டது. மனிதனுக்குச் சரிநிகர் வாழ்வு கிடைத்ததா?

அந்த மாணவனுக்கு நாம் தந்த விடை இதுதான்: கதவைத் திறப்பவர் சிலர், உள்ளே வந்தவனை மதிக்க வேண்டியவர் அனைவரும். செல்டிக்ஸ் கதவைத் திறந்தது. ஊர் மதிக்கத் தவறிற்று. ஆகவே பெயர் கெட்டது. இளைஞர்களே, திறமையைப் போற்றுங்கள். எந்த நிறத்தான் பந்தைக் கூடையில் இட்டாலும் கைதட்டுங்கள். ஆனால், கைதட்டலை மட்டும் கண்டு சமத்துவம் வந்துவிட்டதாக மயங்காதீர்! ஆட்டம் முடிந்து, விளக்கணைந்து, உடை மாற்றி வெளியே வரும் அம்மனிதனுக்கு அந்த ஊரில் அச்சமின்றி உறங்க ஒரு வீடு உண்டா? அவன் பிள்ளை கல்லடி படாமல் பள்ளிக்குச் செல்ல ஒரு பாதை உண்டா? ஒரு நகரின் பெயரை எடைபோட அதுவே அளவுகோல். வென்ற கோப்பைகளின் எண்ணிக்கை அல்ல.