ஓ.எம்.ஆர். பஸ்ஸில் ஒரு ஃப்ரேம்வொர்க் டூர்!

தலயா, தளபதியா சண்டையெல்லாம் ரொம்பப் பழசு. இன்ஜினீயரிங் ஹாஸ்டல்களில் ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல் நடக்கிற சண்டை எது தெரியுமா? 'ரியாக்ட்டா, ஆங்குலரா, வியூவா, ஜாங்கோவா?'. ஒரு வெப் அப்ளிகேஷன் கட்டணும்னு நாலு பேர் உட்கார்ந்தால் போதும், அஞ்சு கட்சி உருவாகிடும். 'எது பெஸ்ட்டு மச்சி?'னு சீனியரைக் கேட்டால் அவர் வேலை பார்க்கிற கம்பெனியில் எது ஓடுதோ, அதைச் சொல்வார். யூடியூபைக் கேட்டால் போன வாரம் எது வந்துச்சோ, அதைச் சொல்லும்.

இந்தச் சண்டைக்குத் தீர்ப்பு கிடைக்கிற ஒரு ரோடு நம்ம சென்னையிலேயே இருக்கு. மத்திய கைலாஷில் கேளம்பாக்கம் போர்டு போட்ட பஸ்ஸில் ஏறி, ஜன்னல் சீட்டைப் பிடிங்க. ராஜீவ் காந்தி சாலைனு பேர் மாத்தினாலும் எல்லார் வாயிலும் இன்னும் ஓ.எம்.ஆர்.தான். சிறுசேரி வரைக்கும் சுமார் 20 கிலோமீட்டர். வழியெல்லாம் மெட்ரோ தூண்கள். டிராஃபிக் புண்ணியத்தில் யோசிக்க நிறைய டைம் கிடைக்கும்!

கிளம்புறதுக்கு முன்னாடி, ஃப்ரேம்வொர்க்னா என்னனு ஒரு சின்ன விளக்கம். இந்த ரோட்டில் ரெண்டு பக்கமும் முளைச்சிருக்கிற அப்பார்ட்மென்ட்களைப் பாருங்க. ஃப்ளாட் வாங்கினால் தூண், கூரை, பைப் லைன் எல்லாம் ரெடியா இருக்கும். பெயின்ட் அடிச்சு, கர்ட்டன் போட்டு நீங்க குடியேறிடலாம். ஆனால், 'இந்தத் தூணைக் கொஞ்சம் தள்ளி வைங்க'னு கேட்க முடியாது. ஃப்ரேம்வொர்க்கும் அப்படித்தான். பாதி வேலையை அது முடிச்சுக் கொடுக்கும். பதிலுக்கு அது போட்ட கோட்டுக்குள்ளதான் நீங்க நடக்கணும்.

ஸ்டாப் 1: டைடல் பார்க்

2000-ல் திறந்தாங்க. டிட்கோ, எல்காட் ரெண்டு பேரையும் சேர்த்துப் பிசைஞ்சதுதான் 'டைடல்'ங்கிற பேர். அந்தக் காலத்தில் வெப்சைட்னா பெரும்பாலும் கையால் கட்டினதுதான். பெரிய தலைவலி, பிரவுஸர். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஒழுங்கா ஓடுற கோடு இன்னொரு பிரவுஸரில் பல்லிளிக்கும். அந்தத் தலைவலிக்கு மாத்திரையா 2006-ல் ஜான் ரெசிக் கொடுத்ததுதான் ஜேகுவெரி. ஒரே கோடு, எல்லா பிரவுஸரிலும் ஓடும். இன்னிக்கு ஹாஸ்டலில் அதன் பேரைச் சொன்னால் சிரிக்கிறாங்க. ஆனால், உலகத்தின் பெரும்பாலான வெப்சைட்களுக்குள்ள அது இன்னமும் அமைதியா உட்கார்ந்திருக்கு.

இங்கே ஒரு பாயின்ட்டை நோட் பண்ணுங்க. யாரோ ஒருத்தருக்குத் தலைவலி. அதுக்குப் பிறந்த மருந்துதான் அது. இந்த ரோடு முழுக்க இதே கதைதான்.

ஸ்டாப் 2: கந்தன்சாவடி

கண்ணாடிக் கட்டடங்கள் நெருக்கியடிக்கிற ஏரியா. சென்னையில் 2010-ல் ஆரம்பிச்சு, 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை வரைக்கும் போன ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆபீஸ் இங்கேதான் இருக்கு. அவங்களோட முதல் தயாரிப்பான ஃப்ரெஷ்டெஸ்க், ரூபி ஆன் ரெயில்ஸில் கட்டினது.

ரெயில்ஸ் எங்கே பிறந்துச்சு? பேஸ்கேம்ப்னு ஒரு புராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேரைக் கட்டின டேவிட் ஹைன்மையர் ஹான்சன், அதிலிருந்து பொதுவான பகுதிகளை மட்டும் உருவி 2004-ல் வெளியிட்டார். அவங்க ரொம்பச் சின்ன டீம். ஆள் கம்மி, வேலை சீக்கிரம் முடியணும். அதனால 'டேபிள் பேர் என்ன, ஃபைலை எங்கே வைக்கிறது'ங்கிற மாதிரி சின்னச் சின்ன முடிவுகளை எல்லாம் ரெயில்ஸே எடுத்துடும். புதுசா கம்பெனி தொடங்குற நாலைஞ்சு பேருக்கு இதைவிட என்ன வேணும்? தலைவலி ஒண்ணு, மருந்தும் பொருந்திப்போச்சு!

ஸ்டாப் 3: சோழிங்கநல்லூர்

சிக்னலில் பஸ் நின்னதும் பாருங்க... கழுத்தில் ஐ.டி. கார்டோட ஒரு கடலே ரோட்டைக் கடக்கும். இங்கே ஒரே புராஜெக்ட்டில் பல டீம்கள். இன்னிக்கு வேலை பார்க்கிறவர் அடுத்த வருஷம் வேற புராஜெக்ட்டுக்கு மாறிடுவார். புதுசா வர்றவர் முதல் நாளே கோடைப் பார்த்துப் புரிஞ்சுக்கணும். அதனால எல்லாரும் ஒரே மாதிரி எழுதணும்னு கண்டிப்பா சொல்ற ஃப்ரேம்வொர்க்குகளுக்குத்தான் பெரிய நிறுவனங்களில் மவுசு. ஜாவாவில் ஸ்ப்ரிங், திரைப் பக்கம் ஆங்குலர்.

ஆனால், ஆங்குலர் ஒரு பாடமும் நடத்தியிருக்கு. 2010-ல் கூகுளில் இருந்து வந்தது ஆங்குலர்ஜேஎஸ். 2016-ல் அதே டீம் எல்லாத்தையும் கலைச்சுப் போட்டு ஆங்குலர் 2-னு புதுசா கொடுத்தாங்க. பழைய கோடு அப்படியே இதில் ஓடாது. பழசுக்கான ஆதரவும் 2021 டிசம்பரோட முடிஞ்சுபோச்சு. நடுவில் மாட்டின டீம்களுக்குப் பல மாசம் வேலை... புதுசா ஒரு வசதியும் சேர்க்காமல், இருக்கிறதையே திரும்ப எழுதுற வேலை!

ஸ்டாப் 4: நாவலூர்

அப்பார்ட்மென்ட், மால், ஹாஸ்டல், பி.ஜி... நம்ம ஜாதிதான் அதிகம். அதனால ரியாக்ட் கட்சிக்கு இங்கே மெஜாரிட்டி. 2013-ல் ஃபேஸ்புக் இதைப் பொதுவில் விட்டுச்சு. ஒரே திரையில் சாட், நோட்டிஃபிகேஷன், லைக்னு எல்லாமே நொடிக்கு நொடி மாறும். ஒண்ணு மாறினால் இன்னொண்ணும் சரியா மாறணும். 'திரை எப்படி இருக்கணும்னு மட்டும் நீ சொல்லு, எதை மாத்தணும்னு நான் பார்த்துக்கறேன்'னு வந்துச்சு ரியாக்ட். ஜோர்டான் வாக்-ங்கிற ஃபேஸ்புக் இன்ஜினீயரோட ஐடியா. பிரமாதமான ஐடியா, சும்மா சொல்லக் கூடாது.

'பாஸ், வேலை விளம்பரம் எல்லாம் ரியாக்ட் கேட்குதே!' கேட்கும். கத்துக்கங்க, தப்பே இல்லை. ஆனால், 'எனக்கு வேலை வாங்கித் தர்றது எது?' ஒரு கேள்வி. 'இந்த ஆளோட பிரச்னையைத் தீர்க்கிறது எது?' இன்னொரு கேள்வி. ரெண்டுக்கும் ஒரே விடை வரும்னு எந்த சிலபஸிலும் இல்லை.

ஸ்டாப் 5: கேளம்பாக்கம்

பஸ்ஸை விட்டு இறங்கிடுங்க. கிழக்கே கோவளம் ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடிங்க. கண்ணாடிக் கட்டடமெல்லாம் மறைஞ்சு உப்பளமும் உப்பங்கழியும் விரியும். காத்தில் உப்பு வாசம். வழியில் பக்கிங்காம் கால்வாய் குறுக்கே வரும். ஒரு காலத்தில் உப்பையும் விறகையும் ஏத்திக்கிட்டுப் படகுகள் சென்னைக்குப் போன தண்ணி ரோடு இது. 1877-78 பஞ்ச காலத்தில் நிவாரண வேலையா ஆட்களை வெச்சு நகரத்துக்குள்ள ஒரு பகுதியை வெட்டினாங்க. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவோட பேரும் வந்து ஒட்டிக்கிச்சு. அந்தக் காலத்துக்கு அதுதான் சூப்பர் ஹைவே! ரயிலும் லாரியும் வந்ததும் படகு காணாமப்போச்சு. தூர் வார ஆள் இல்லாமல் சிட்டிக்குள்ள அது சாக்கடையாவே ஆகிடுச்சு.

டெக்னாலஜியும் இப்படித்தான். நாளைக்கு அதைத் தூர் வாரப்போறது யாருங்கிறதையும் இன்னிக்கே யோசிக்கணும்.

லாஸ்ட் ஸ்டாப்: கோவளம்

டூரிஸ்ட்களுக்கு இது பீச், சர்ஃபிங். எங்க க்ளாஸ்மேட் ஒருத்தனுக்கு சொந்த ஊர். அவன் அம்மா மீன் வியாபாரம் பண்றாங்க. விடியற்காலையில் ஃபைபர் போட் கரை சேர்ந்ததும் மணலிலேயே ஏலம் நடக்கும். வஞ்சிரம், சங்கரா, நெத்திலினு அன்னிக்கு என்ன வந்திருக்கு, என்ன விலைனு அப்பதான் தெரியும். ஓ.எம்.ஆர். அப்பார்ட்மென்ட்களில் அவங்களுக்கு வாடிக்கை வீடுகள் இருக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு ஆர்டர் வாங்கி, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கிறதுக்குள்ள ஐஸ் பாதி கரைஞ்சிடும். மிஞ்சின மீன் நஷ்டம்.

இதுக்கு ஒரு வெப் ஆப் கட்டுறதுதான் எங்க நாலு பேரோட மினி புராஜெக்ட். கட்சிச் சண்டை வேணாம்னு ஒரே பக்கத்தை ரெண்டு விதமா கட்டிக் கொண்டுபோனோம். ஒண்ணு ரியாக்ட், போன்லயே பக்கத்தை உருவாக்குற வகை. இன்னொண்ணு ஜாங்கோ, சர்வரே பக்கத்தை முடிச்சு அனுப்புற வகை.

வித்தியாசம் சிம்பிள். ரெண்டாவது, பார்சல் சாப்பாடு. பிரிச்சா சாப்பிடலாம். முதலாவது, மளிகை சாமானும் அடுப்பும் வீட்டுக்கு வந்து சேர்ற மாதிரி. உங்க போன்தான் சமைக்கணும். ரியாக்ட்டோட அடிப்படைப் பகுதி மட்டுமே சுருக்கின பிறகும் 40 கேபி-க்கு மேல். டவுன்லோடு ஆனால் மட்டும் போதாது. போன் அதைப் படிச்சு, ஓட்டி, அப்புறம்தான் பக்கம் கண்ணுக்குத் தெரியும். புது போனுக்கு இது தூசு. அந்த அம்மாகிட்ட இருந்தது, ஓரம் விரிசல் விட்ட 2 ஜிபி ராம் ஆண்ட்ராய்டு. கரையில் சிக்னல் ரெண்டு கோடு.

ரியாக்ட் பக்கத்தைத் தொட்டாங்க. வட்டம் சுத்துது... சுத்துது. அவங்க நிமிர்ந்து பார்த்து, ''தம்பி, இது தொறக்குறதுக்குள்ள மீனு நாறிடும்ப்பா''னு சொல்லிட்டுப் போனை இடுப்பில் சொருகிக்கிட்டு ஏலத்துக்குக் கிளம்பிட்டாங்க. திரும்பி வந்ததும் ஜாங்கோ பக்கத்தைக் காட்டினோம். தொட்டதும் திறந்துச்சு. விலையைத் தப்பா போட்டிருக்கோம்னு அவங்களே கண்டுபிடிச்சாங்க. அதுதான் எங்களுக்கு ஃபர்ஸ்ட் மார்க்!

ரியாக்ட் ரசிகர்கள் கல்லைக் கீழே போடுங்க! ரியாக்ட்டையும் சர்வரிலேயே சமைச்சு அனுப்ப நெக்ஸ்ட் ஜேஎஸ் மாதிரி வழிகள் இருக்கு. சொல்ல வந்தது வேற. ஜாங்கோ பிறந்தது எங்கே தெரியுமா? அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ்னு ஒரு ஊர். அங்கே ஒரு பத்திரிகை ஆபீஸில் அட்ரியன் ஹோலவாட்டி, சைமன் வில்லிசன்னு ரெண்டு புரோகிராமர்கள். எடிட்டோரியல் ஆட்கள் 'சாயங்காலத்துக்குள்ள வேணும்'னு துரத்துவாங்க. கோடு தெரியாதவங்களும் தினமும் உள்ளே புகுந்து செய்தியை மாத்தணும். அதுக்காகக் கட்டினதை 2005-ல் பொதுவில் விட்டாங்க. அதனால்தான் ஜாங்கோவில் அட்மின் பக்கம் ரெடிமேடா வருது. எங்க நண்பனோட அக்கா, ஒரு வரி கோடு எழுதாமல் அதில்தான் தினமும் மீன் விலையை மாத்துறாங்க. கான்சாஸ் பத்திரிகை ஆபீஸின் அவசரமும் கோவளம் கரையோட அவசரமும் ஒரே ஜாதி!

அதே அம்மா நூறு வீட்டு ஆர்டரை, பத்து டெலிவரி பையனை ஒரே திரையில் நொடிக்கு நொடி பார்க்கணும்னு கேட்டால்? அது ஃபேஸ்புக்கோட தலைவலி. அப்போ ரியாக்ட்டைக் கூப்பிடலாம்.

ஸோ பாஸ், அடுத்த தடவை சண்டை ஆரம்பிச்சா நாலே கேள்வி கேளுங்க. இந்த ஃப்ரேம்வொர்க் யாரோட தலைவலிக்குப் பிறந்துச்சு? அதே தலைவலியா நமக்கு? நம்ம பக்கத்தைத் திறக்கப்போற போன் எது, எங்கே நின்னு திறப்பாங்க? நாம பாஸ் அவுட் ஆனதுக்கு அப்புறம் இதைத் தூர் வாரப்போறது யாரு? நாலாவதுக்கு எங்ககிட்ட பதில் ரெடி. டீமில் பைத்தான் நல்லாத் தெரிஞ்ச ஒரே ஆள், அந்தக் கோவளத்துப் பையன்தான்!

ஒரு டிப்ஸ். ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்க்ரிப்ட் மூணையும் அடிவரைக்கும் படிச்சு வெச்சுக்கங்க. எந்த ஃப்ரேம்வொர்க் வந்தாலும், போனாலும், பிரவுஸருக்குத் தெரிஞ்ச பாஷை அதுதான். அப்புறம், கட்டி முடிச்சதை லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்துக் கைதட்டிக்காதீங்க. யாருக்காகக் கட்டினீங்களோ, அவங்க கையில் போனைக் கொடுத்துட்டு ரெண்டு அடி தள்ளி நில்லுங்க. தீர்ப்பை அவங்க சொல்வாங்க... மீன் நாறுறதுக்குள்ள!