பிரான்சில் ஒரு முல்லை நிலம்

நிலம் என்பது மண்ணும் கல்லும் மட்டுமன்று. அங்கு வாழ்வோரின் தொழிலும் ஒழுக்கமும் சேர்ந்ததே நிலம் என்று கண்டவர் நம் முன்னோர். முதற்பொருளோடு கருப்பொருளையும் உரிப்பொருளையும் இணைத்துத் திணை வகுத்த தொல்காப்பிய நெறியை ஆண்டுதோறும் வகுப்பறையில் பாடம் சொல்லி வருகிறோம். அந்நெறியின் ஆழத்தைப் பிரான்சு நாட்டின் தென்பகுதியில் மகிழுந்தில் சென்ற ஒருநாட் பயணம் நமக்குப் புதிதாக உணர்த்தியது.

மோன்பெலியே நகரில் பணியாற்றும் நம் தமக்கை மகனே வண்டியை ஓட்டினார். வடமேற்கே மியோ நகர் வரை ஏறத்தாழ 115 கிலோமீட்டர். திராட்சைத் தோட்டங்கள் பின்னே மறைய, லோதேவ் என்னும் ஊரைக் கடந்ததும் செங்குத்தான பாறைச் சுவர்களை ஒட்டிச் சாலை மேலேறுகிறது. ஏறி முடித்தால் சிகரம் எதுவும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் பரந்த வெளியே விரிகிறது. அதுவே லார்சாக் மேட்டுநிலம்.

நெடுஞ்சாலையை விட்டுக் கிளைச்சாலையில் திரும்பினோம். வெளிறிய புல், இடையிடையே இடிந்த கோட்டைகளைப் போல் நிற்கும் பாறைகள், ஓயாத காற்று. சுண்ணாம்புக்கல் நிலமாதலின் பெய்யும் மழை முழுவதையும் பூமி உறிஞ்சிவிடுகிறது. மேலே ஓடைகள் இல்லை. ஆகவே ஆடுகள் நீர் அருந்துவதற்கென்றே கல் பாவிய வட்டக் குளங்களை அமைத்துள்ளனர். மரம் அரிதாதலின் பழைய வீடுகளின் வளைவுகளையும் கூரைகளையும் கல்லாலேயே கட்டினர். லா குவெர்துவாராத் என்னும் சிற்றூரில் 12ஆம் நூற்றாண்டுக் கோட்டையும், 15ஆம் நூற்றாண்டு மதிலும், மதிலுக்கு வெளியே அத்தகைய குளம் ஒன்றும் இன்றும் உள்ளன.

வழியில் ஓர் ஆட்டுமந்தை சாலையைக் கடந்தது. வண்டியை நிறுத்திக் காத்திருந்தோம். அந்த ஆடுகளின் பாலே இப்பகுதியின் உயிர். மேட்டுநிலத்தின் ஓரத்தில் உள்ள ரோக்ஃபோர் என்னும் ஊரின் இயற்கைக் குகைகளில் பதப்படுத்தப்படும் பாலாடைக்கட்டி உலகறிந்தது. அதன் பெயருக்கு 1925ஆம் ஆண்டிலேயே சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. ஆடு மேய்வது நின்றால் புதரும் பைனும் மண்டி இவ்வெளியே மூடிப்போகும். எனவே நாம் கண்டு வியந்த காட்சி இயற்கை மட்டும் வரைந்ததன்று. பல நூற்றாண்டுகளாக ஆயர் வரைந்தது. 2011இல் உலக மரபுச் சின்னமாக இப்பகுதியை அறிவித்தபோது யுனெஸ்கோ போற்றியதும் இம்மேய்ச்சல் வாழ்வையே.

ஆனால் சாளரத்தின் வழியே விரைந்து நோக்குவோர்க்கு இது ஆளற்ற வெளி. அரசின் கண்ணுக்கும் ஒருகாலத்தில் அப்படித்தான் தோன்றியது. 1971இல் பிரெஞ்சு அரசு இங்கிருந்த படைப்பயிற்சி முகாமை 3,000 ஹெக்டேரிலிருந்து 17,000 ஹெக்டேராக விரிவாக்க முடிவு செய்தது. உழவர் நூற்றுச் சிலரே. எதிரே நிற்பதோ ஓர் அரசின் படைத்துறை.

அப்போது அவர்களிடையே வந்தவர் லான்சா டெல் வாஸ்தோ. இத்தாலியில் பிறந்த இவர் இந்தியா வந்து, 1937இல் காந்தியடிகளிடம் தங்கி, சாந்திதாஸ் என்னும் பெயரைப் பெற்றவர். 1972 மார்ச்சில் லா கவலெரி என்னும் ஊரில் இவர் 15 நாள் உண்ணாநோன்பு இருந்தார். அம்மாதமே 103 உழவர்கள் நிலத்தை விற்பதில்லை எனக் கையொப்பமிட்டு உறுதி பூண்டனர். அவ்வாண்டு அக்டோபரில் பாரிசின் ஐஃபெல் கோபுரத்தடியில் 60 ஆடுகளை ஓட்டி வந்து மேயவிட்டனர். வார்தாவில் விழுந்த வித்து ஒரு பிரெஞ்சு மேய்ச்சல் நிலத்தில் முளைத்தது கண்டு நம் நெஞ்சம் நிறைந்தது. பத்தாண்டு அறப்போருக்குப் பின், 1981இல் மித்தெரான் குடியரசுத் தலைவரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

வெற்றிக்குப் பிந்திய செயல் இன்னும் பெரிது. முகாமுக்கென அரசு முன்பே வாங்கியிருந்த ஏறத்தாழ 6,300 ஹெக்டேர் நிலத்தை 1985இல் உழவர் கூட்டமைப்பு ஒன்று நீண்டகாலக் குத்தகைக்குப் பெற்றது. அந்நிலத்தில் தொழில் செய்யும் வரை ஒருவர் அதை வைத்திருக்கலாம். ஓய்வுபெற்றதும் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த இன்னொருவர்க்கு அது செல்லும். விற்க உரிமை இல்லை; உழைக்க உரிமை உண்டு. பழைய முகாம் தன் பழைய எல்லைக்குள் இன்றும் இயங்குகிறது. அதன் வேலிக்கு வெளியே ஆடுகள் மேய்கின்றன.

மாலையில் மியோவை அடைந்தோம். தார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்கே, 2004இல் திறக்கப்பட்ட பாலம் 2,460 மீட்டர் நீளத்தில் ஏழு தூண்கள்மேல் நிற்கிறது. அதன் உச்சி 343 மீட்டர் உயரம். மனித அறிவின் ஆற்றலுக்கு அது சான்று. எனினும் நம் நினைவில் ஓங்கி நிற்பது, ஆடுகள் குனிந்து நீர் அருந்தும் அந்தக் கற்குளமே.

மாணவச் செல்வங்களே! நாளை உங்களுள் பலர் அலுவலராகவும் பொறியாளராகவும் வரைபடத்தை விரித்து, ஓரிடத்தைச் சுட்டி, 'இது வெற்றிடம்' என்று சொல்ல நேரலாம். அதற்கு முன் அந்நிலத்தின் கருப்பொருள் யாது, அங்கு வாழ்வோர் யாவர் என்று கேளுங்கள். திணை கற்றவர்க்கு அதுவே கடன்.