ஓடுவதற்கு ஒரு வெளி

கோடியக்கரை. மே மாதக் காலை. புல் காய்ந்து மஞ்சளித்துக் கிடக்கிறது.

வெளிமான் கிடாய் ஒன்று தனியே நிற்கிறது. முதுகு கருப்பு, வயிறு வெள்ளை. முறுக்கிய கொம்புகள். காலடியில் புழுக்கைக் குவியல். நேற்றும் இங்கேதான் போட்டது. நாளையும் இங்கேதான் போடும். அதன் எல்லை அது.

பெட்டைகள் மேய்ந்தபடியே சீமைக்கருவேல் ஓரம்வரை வருகின்றன. ஒன்று தலை தூக்குகிறது. எல்லாம் தூக்குகின்றன. புதருக்குள் நரி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வெளிமான் கண்ணையும் காலையும் நம்பிப் பிழைப்பது. பார்வை மறிக்கும் இடத்தில் அதற்கு நிலைகொள்ளாது. மந்தை திரும்புகிறது.

கிழக்கிலும் தெற்கிலும் கடல். மேற்கே சதுப்பும் உப்பளங்களும். வடக்கே ஊர். 1967இல் இந்த மானுக்காகவே இது சரணாலயம் ஆனது. இதைவிட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோதும் இல்லை. சில நாளில், வடக்கே காரைக்கால் கடற்கரையில் மான்களின் உடல்கள் ஒதுங்கின.

டேங்கர் வருகிறது. சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் விழுகிறது. டிரைவர் குழாயைச் சுருட்டும் முன்பே மட்டக்குதிரைகள் வந்துவிடுகின்றன. எப்போதோ யாரோ வளர்த்தவற்றின் வழிவந்தவை. பெரியது குடிக்கிறது. குட்டி குடிக்கிறது. மான்கள் தள்ளி நிற்கின்றன. கடைசிக் குதிரை நகர்கிறது. கிடாய் இரண்டு எட்டு வைக்கிறது. நிற்கிறது. இன்னும் இரண்டு எட்டு.

குதிரைகள் போன தடத்தில் லத்தி. உடைந்த லத்திக்குள் சீமைக்கருவேல் விதைகள், முழுசு முழுசாக. காய் இனிப்பு, குதிரை விரும்பித் தின்கிறது. விதை செரிப்பதில்லை. ஒரு மழை போதும்.

புதரோரம் ஆட்கள். கடப்பாரை, மண்வெட்டி, அரிவாள். மேலே வெட்டினால் அடித்தூர் நாலாகத் துளிர்க்கும். ஆகவே வேரோடு. ஒரு தூருக்கு மூன்று பேர். ஒருவர் கடப்பாரை நுனியில் தொங்குகிறார். தூர் அசைவதாக இல்லை. கையில் முள் கீறிய கோடுகள், பழையதும் புதியதும்.

உதிர்ந்த காய்களைப் பொறுக்கும் மூதாட்டி நிமிர்கிறார்.

“பச்சையா நிக்கிறத எதுக்குத் தம்பி புடுங்குறீங்க?”

வனக்காவலர் தொட்டிப் பக்கம் கை காட்டுகிறார்.

“அதுக ஓட எடம் வேணும், ஆச்சி.”

ஆச்சி கண்மேல் கைவைத்துப் பார்க்கிறார். கிடாய் தொட்டியை எட்டிவிட்டது. காய்களைச் சாக்கில் கொட்டி வாயைக் கட்டுகிறார். அடுத்த புதருக்கு நடக்கிறார்.