2,000 டாலர் துப்பாக்கி வாங்கலாமா?

தலைப்பைப் பார்த்து பயந்துவிடாதீர்கள். நான் வாங்கவில்லை. ஸ்டூடன்ட் விசாவில் இருப்பவன் பட்ஜெட்டுக்கு 2,000 டாலர் என்பது கிட்டத்தட்ட ஒரு செமஸ்டர் சாப்பாடு. வாங்க ஆசைப்பட்டவர் என் கல்லூரி சீனியர். ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் வீடு, கிரீன் கார்டு, அண்ணி, இரண்டாம் வகுப்பு படிக்கும் பெண் என்று செட்டில் ஆனவர். அவர் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு வீட்டில் பின்கதவை உடைத்து யாரோ புகுந்துவிட்டார்கள். மறுநாளே போன்.

"டேய், நீதானே மேனுஃபாக்சரிங் படிக்கிற? ஒரு கார்பைன் பார்த்து வெச்சிருக்கேன். காசுக்கு ஒர்த்தான்னு வந்து சொல்லு."

"அண்ணா, நான் படிக்கிறது கியர் கட்டிங்."

"எல்லாம் இரும்புதானடா. வா."

என் துப்பாக்கி அறிவைச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் எங்கள் ஊர் வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி. அப்புறம் என்.சி.சி. கேம்பில் .22 ரைஃபிளில் படுத்துக்கொண்டு ஐந்து குண்டு சுட்டேன். அதில் இரண்டு பக்கத்துப் பையனின் அட்டையில் போய் விழுந்தது. அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். ரேஞ்சில் போய் கையில் எடுத்தாலும் இதில்தான் சேரும். ஆனால் சட்டத்தில் சில விதிவிலக்குகள் உண்டு, அதில் ஒன்று வேட்டை லைசென்ஸ். இந்த நாட்டில் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் போதும். ஆக, காகித அட்டையைச் சுட நான் மான் வேட்டைக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும்! டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2-க்குப் பிறகு பிறந்தவர்கள் இதற்கு ஒரு பயிற்சி வகுப்பும் முடிக்க வேண்டும். முடித்தேன். வீட்டில் கோழி வெட்டும்போதே மொட்டை மாடிக்கு ஓடுகிறவன் நான். இங்கே வருபவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். நண்பன் கூப்பிட்டான் என்று சும்மா போய் நாலு ரவுண்டு சுட்டு போட்டோ போடுவது விசாவுக்கே வேட்டு வைக்கும்.

அண்ணன் பார்த்து வைத்திருந்தது டேனியல் டிஃபென்ஸ் டிடிஎம்4 வி7. ஜார்ஜியா மாநிலத்தில் தயாராகிறது. அமெரிக்க சிறப்புப் படைகளின் எம்4 துப்பாக்கிகளுக்கு ரெயில் செய்து கொடுத்துப் பேர் வாங்கிய கம்பெனி. ஏஆர்-15 குடும்பத்தைச் சேர்ந்தது. ஏஆர் என்றால் அசால்ட் ரைஃபிள் என்று பலர் நினைக்கிறார்கள், அது ஆர்மலைட் என்ற பழைய கம்பெனியின் பெயர். கார்பைன் என்றால் குட்டையான ரைஃபிள். செமி ஆட்டோமேட்டிக் என்றால் விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு, அடுத்த குண்டு தானாக ஏறிக்கொள்ளும். நம்மூர் போலீஸ் தோளில் பார்த்திருப்போமே எஸ்.எல்.ஆர்., அதுவும் இதே வகைதான். ராணுவ எம்4-க்குக் குழல் 14.5 அங்குலம். இதற்கு 16. காரணம் பொறியியல் இல்லை, சட்டம். 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் என்றால் 1934-ஆம் வருடச் சட்டப்படி தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

அண்ணனின் ஆபீஸ் நண்பர் ஒருவர், அசல் டெக்சாஸ்காரர், இதே மாடலை நாலு வருடமாக வைத்திருக்கிறார். சனிக்கிழமை ரேஞ்சுக்குக் கொண்டுவந்தார். முதலில் பிரித்துப் பார்த்தோம். இந்த இடத்தில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

குழல் கோல்டு ஹாமர் ஃபோர்ஜிங் முறையில் செய்தது. ஒரு தடித்த குட்டை எஃகுக் குழாய்க்குள், வரிகளின் அச்சு செதுக்கிய மிகக் கடினமான ஒரு கம்பியைச் செருகி, சுற்றிலும் சுத்தியல்களால் அடிப்பார்கள். குழாய் மெலிந்து நீளும், உள்ளே அந்த வரிகள் பதிந்துவிடும். சூடு பண்ணுவதில்லை. பாடப் புத்தகத்தில் இரண்டு மார்க் கேள்வியாகப் படித்தது, கையில் இருந்தது! உள்ளே குரோம் பூச்சு, துருவுக்கும் தேய்மானத்துக்கும் நல்லது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. குரோம் பூசிய குழல் பொதுவாகப் போட்டிக்காரர்களின் குழல் அளவுக்குத் துல்லியமாக இருக்காது. நூறு கஜத்தில் ஒரு அங்குலக் கூட்டமாகச் சுட வேண்டும் என்று ஆசைப்படுபவருக்கு இது சரியான பொருள் இல்லை.

கேஸ் டியூப் மிட்-லெங்த். அதாவது குண்டு வெடித்த வாயுவைக் குழலில் கொஞ்சம் தள்ளிப் போய் எடுக்கிறது. அதற்குள் அழுத்தம் குறைந்துவிடும். பாகங்கள் நிதானமாக வேலை செய்யும், தோளில் உதையும் குறையும். பல மலிவு மாடல்களில் 16 அங்குலக் குழலுக்கும் குட்டை டியூபையே போட்டிருப்பார்கள். முன் கைப்பிடி குழலைத் தொடாமல் நிற்கிறது, எதன் மேல் சாய்த்து வைத்தாலும் குறி மாறாது.

வாங்குபவர்களுக்கு ஒரு டிப்ஸ். எந்த ஏஆர் ஆனாலும் கடையில் போல்ட் கேரியரை வெளியே எடுக்கச் சொல்லி, மேலே இருக்கும் இரண்டு ஸ்க்ரூவைப் பாருங்கள். பக்கத்து உலோகத்தை அழுத்தமாக ஸ்க்ரூ தலைக்குள் நசுக்கி விட்டிருக்க வேண்டும். அது லேசாக இருந்தால் ஒரு நாள் கழன்று துப்பாக்கி நின்றுவிடும். இதில் அது உறுதியாக இருந்தது.

சுட்ட கதைக்கு வருவோம். சுமார் 2.8 கிலோ, தூக்க லேசு. காதில் மஃப் போட்டும் முதல் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. உதை? என்.சி.சி. .22-ஐ விட கொஞ்சம்தான் அதிகம், பொய் சொல்லவில்லை. முப்பது ரவுண்டு சுட்டேன். பக்கத்து அட்டையில் எதுவும் விழவில்லை :-) ஐம்பது கஜத்தில் என் குண்டுகள் எல்லாம் உள்ளங்கை அகலத்துக்குள். ஒரு முறைகூட சிக்கவில்லை. நாலு வருடத்தில் ஆயிரக்கணக்கில் சுட்டும் துடைப்பதைத் தவிர எதுவும் செய்ததில்லை என்றார் உரிமையாளர்.

சுலபமாக இருந்தது. அதுதான் வீட்டுக்கு வரும் வழியில் என்னை உறுத்தியது. அரை மணி நேரத்தில் என்னைப் போன்ற ஒரு தடுமாறியைக்கூட குறிபார்க்க வைக்கிற பொருள்.

காசுக் கணக்கு: துப்பாக்கி ஏறக்குறைய 2,000 டாலர். இதில் குறிபார்க்க எதுவும் வராது, ஓரளவு நல்ல ரெட் டாட் தனியாக 400. தோட்டா ஒன்று அரை டாலர் அளவில், பழக ஆயிரம் ரவுண்டு என்றால் 500. பூட்டி வைக்க ஸ்டீல் பெட்டி தனி. 750 டாலர் அளவில் கிடைக்கும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனோ ரூகரோ வருடத்துக்கு இரண்டு முறை ரேஞ்சுக்குப் போகிறவருக்குத் தாராளம். மாதா மாதம் நூற்றுக்கணக்கில் சுடுபவருக்குத்தான் இந்த அதிக விலை திரும்பி வரும்.

"அப்போ ஒர்த்தா, இல்லையா?"

"அண்ணா, பொருள் ஒர்த். உங்களுக்கு ஒர்த்தான்னுதான் தெரியல."

அவர் வீட்டுக்குப் போய் பெட்ரூம் கதவருகே நின்று கையாலேயே குறிபார்த்தோம். ஹாலில் திருடன் நிற்பதாகக் கணக்கு. திருடனுக்குப் பின்னால் சுவர். அமெரிக்க வீட்டு உள்சுவர் என்பது இரண்டு பக்கமும் ஜிப்சம் அட்டை, நடுவில் காற்று. செங்கல் கிடையாது. 5.56 குண்டு அதைத் துளைத்துக்கொண்டு போகும். சுவருக்கு அந்தப் பக்கம் பாப்பாவின் கட்டில். அண்ணன் கையை இறக்கிவிட்டார்.

இன்னொன்றையும் அங்கேதான் சொன்னேன். போன டிசம்பரில் ரூம்மேட்டுகளோடு பிக் பெண்ட் போகும்போது ஹைவே 90-ல் யூவால்டி ஊரைக் கடந்தோம். ஊர்ச் சுவர்களில் குழந்தைகளின் பெரிய பெரிய படங்கள் வரைந்திருக்கிறார்கள். 2022 மே 24 அன்று ராப் எலிமென்டரி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். சுட்டவனுக்கு 18 வயது முடிந்து எட்டு நாள். அவன் கையில் இருந்தது இதே டிடிஎம்4 வி7. சட்டப்படி வாங்கியது. நானூறுக்குக் கொஞ்சம் குறைவான போலீஸார் வந்தும், வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடம் ஆனது. ஒரு சிறுமியை அவளுடைய பச்சை நிற ஷூவை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள்.

அந்த வருடம் ஜூனில் வந்த சட்டம் 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பின்னணிச் சோதனையைக் கூடுதலாக்கியது. ஆனால் 18 வயதில் ரைஃபிள் வாங்கலாம் என்ற மத்திய சட்டத்தை மாற்றவில்லை. கைத்துப்பாக்கியைக் கடையில் வாங்க 21 ஆக வேண்டும். இந்தக் கணக்கு எனக்கு இன்னும் புரியவில்லை. குழலும் போல்ட்டும் யார் கையில் இருந்தாலும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று டெக்சாஸ்காரர் சொல்வார். அது உண்மைதான். ரேஞ்சில் "ஒரு முறைகூட சிக்கவில்லை" என்று நான் சந்தோஷமாக எழுதி வைத்துக்கொண்ட அதே குணம்தான் அந்த வகுப்பறையிலும் இருந்தது. என் நோட்டில் அந்த வரியை அடிக்கவும் மனசில்லை, அப்படியே விடவும் மனசில்லை.

நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே பாப்பா வந்தாள். "சித்தப்பா, எங்க ஸ்கூல்ல லாக்டவுன் டிரில் இருக்கே, நான் சத்தமே போடாம கப்போர்டுக்குள்ள உக்காருவேன். மிஸ் எனக்கு ஸ்டிக்கர் குடுத்தாங்க." சட்டையில் ஒட்டியிருந்த மஞ்சள் நட்சத்திரத்தைக் காட்டினாள். அண்ணி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

அண்ணன் இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்கதவுக்கு இரும்புச் சட்டமும் நீளமான ஸ்க்ரூவும் போட்டார், வாசலில் விளக்கு போட்டார். போன வாரம் ஸ்டீல் பெட்டி வந்து இறங்கியது. நானும் அவரும் மூச்சு வாங்க மாடிக்குத் தூக்கி வைத்தோம். இப்போதைக்கு அதில் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அண்ணியின் நகையும் இருக்கிறது. பாப்பா அவளுடைய ஸ்டிக்கர் ஆல்பத்தையும் உள்ளே வைக்கச் சொல்கிறாள்.