கண்டலும் கடனும்

நெய்தல் திணையைப் போதிக்கும் தமிழாசிரியனுக்குப் புத்தளக் கரையில் ஒரு வசதி உண்டு. கருப்பொருளைத் தேடி உரைநூலைப் புரட்ட வேண்டியதில்லை. உடப்பின் கரைவலையும், முந்தல் களப்பின் உப்புக்காற்றும், சேற்றில் தாங்குவேர்களை ஊன்றி நிற்கும் கண்டலும் மாணவரின் கண்முன்னே இருக்கின்றன. ஆனால் கண்டல் வெகுவாகக் குறைந்துவிட்டது. குறைந்த காரணத்தைப் பாடநூல் கூறாது.

1980களில் இக்கரையில் இறால் பண்ணைகள் பெருகின. அபிவிருத்தி என்ற பெயரோடு பணம் வந்தது, கண்டல் வெட்டப்பட்டது, குளங்கள் தோண்டப்பட்டன. முந்தல், சிலாபம் களப்புகளை இணைக்கும் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தே நீரை எடுத்தனர். கழிவையும் அதிலேயே விட்டனர். ஒரு பண்ணை கழித்த நீரை அடுத்த பண்ணை இறைத்துக்கொண்டது! 1996இல் வெண்புள்ளி நோய் தோன்றியபோது அது பரவுவதற்கு இதைவிட நல்ல வழி வேண்டுமா? பல குளங்கள் கைவிடப்பட்டன. பணம் போட்டவர் வேறு தொழில் பார்க்கலாம். களப்பில் வீச்சுவலை எறிபவன் எங்கே போவான்? இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்வது கண்டல் வேர்களின் இடுக்கிலன்றோ?

இன்று அக்காட்டைப் பேணும் பொறுப்பு ஏழைப் பெண்களின் தலையில் வந்திருக்கிறது. சிலாபம் பகுதியில் இயங்கும் சுதீஸ என்ற சிறுமீனவர் அமைப்பு, 2015இல் அமெரிக்காவின் சீகொலொஜி நிறுவனத்தோடும் அரசோடும் சேர்ந்து நாடு தழுவிய திட்டமொன்றைத் தொடங்கியது. 15,000 பெண்களுக்குப் பயிற்சியும் சிறுகடனும் அளிப்பது, ஈடாக அவர்கள் தத்தம் ஊர்க் கண்டலைக் காப்பது என்பது அதன் ஏற்பாடு. வட்டிக்காரன் வாசலில் நின்று பழகியவளுக்கு இது பெரிய ஆறுதல் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் நடுவது வேறு, தழைப்பது வேறு. நாடெங்கும் 1,000 ஹெக்டேருக்கு மேல் நடப்பட்ட கண்டலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே பிழைத்ததாக 2017இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. பொருந்தாத இடத்தில் நட்டதும் நட்டபின் பேணாததும் காரணங்களாம். நீர் எங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்று களப்போரத்துக் கிழவியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

கைவிடப்பட்ட குளங்களின் வரம்பை உடைத்துக் களப்பு நீரை உள்ளே விடாமல் அங்கே கண்டல் தழைக்காது. அவ்வரம்பில் கைவைக்கும் உரிமை நிலப்பத்திரம் வைத்திருப்பவனுக்கு உண்டு. கடன் சீட்டு வைத்திருப்பவளுக்கு இல்லை. காவல் அவளுடையது, நிலம் இன்னொருவனுடையது என்றால் அதற்குப் பெயர் பங்காளித்துவமா? களப்போர நிலத்தை யாருக்கேனும் கொடுக்குமுன் அவ்வூர் மீனவரின் ஒப்புதல் கட்டாயமாகட்டும். பாழ்பட்டுக் கிடக்கும் குளங்களை, அவற்றை மீட்க முன்வரும் பெண்களின் சங்கங்களுக்கு எழுத்து மூலமாகவே கொடுக்கட்டும்.