நாலஞ்சு தென்னை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் கீரமங்கலம் பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது, நான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் படுத்திருந்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கிற வயது. ரத்தப் புற்றுநோய். அம்மா என்னோடு, அப்பா ஊரில். டவர்கள் விழுந்ததால் போன் போகவில்லை. ஒருவழியாக லைன் கிடைத்ததும் அப்பா சொன்னார்: "நாலஞ்சு மரந்தான் ஆத்தா சாஞ்சிருக்கு. நீ சாப்பிட்டியா?"

வார்டுக்கு வந்த செய்தித்தாளில் எங்கள் பக்கத்துப் படம் இருந்தது. ஒரு மரம்கூட நிற்கவில்லை. நான் கேட்கவில்லை.

கேட்காமலிருப்பது எங்களுக்குப் பழகியிருந்தது. எனக்கு "ரத்தத்துல கிருமி" என்றுதான் சொல்லியிருந்தார்கள். பிள்ளை மனசு உடைந்துவிடும் என்று பெரியப்பா போட்ட கட்டளை. மருத்துவமனை வாசல் பலகையிலேயே நோயின் பெயர் இருக்கிறது; முதல் நாளே படித்துவிட்டேன். 1954-இல் அந்த மருத்துவமனையைத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் பிறந்தவர், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். "நம்ம ஊரு அம்மா கட்டுனது, பயப்படாதே" என்பார் அப்பா. எதற்குப் பயப்படக் கூடாது என்று மட்டும் சொல்லமாட்டார்.

ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பிவிட்டது, நடுச்சாமத்தில் அகோரப் பசி எடுக்கும். விடியுமுன் அம்மா என் தலையணையில் உதிர்ந்த முடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொள்வார். நான் தூங்குவதுபோல் கிடப்பேன். கீமோவைவிட அந்த நடிப்புதான் என்னை வதைத்தது.

ஆலோசகர் ஒருவர் ஒருநாள் அம்மாவையும் என்னையும் சேர்த்து உட்காரவைத்து, "உனக்கு என்னன்னு நினைக்கிறே?" என்று கேட்டார். சொன்னேன். அம்மா அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டு அழுதார். சாயங்காலம் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"தோப்பு முழுக்கப் போச்சாப்பா?"

வெகுநேரம் சத்தமில்லை. "முழுசும் போச்சு ஆத்தா. கன்னு வச்சா காய்க்க அஞ்சாறு வருசமாகும்." அதற்கப்புறம் கடன், கரண்ட் இல்லாத ராத்திரி, தூக்கமில்லாதது எல்லாவற்றையும் என்னிடம் கொட்டினார். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அது பாரமில்லை. வீட்டில் எனக்கும் ஓர் இடம் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

இந்த வைத்தியம் வருடக்கணக்கில் போகிறது. பெரும்பகுதி வீட்டில் மாத்திரையோடுதான். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கு இந்த நோய் வந்தால், காப்பீட்டு அட்டை செல்லுமா என்று விசாரிக்கும் அன்றே ஆலோசகர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். பிள்ளையை மட்டும் அனுப்பாதீர்கள். தாயும் தகப்பனும் கூடப் போய் உட்காருங்கள்.